இரண்டு நாள் கழித்து டைப் அடித்த உத்தரவு

நவம்பர் 7, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். லில்லியின் துணி ஒன்றும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் பதினோரு அரைத்துணி. வீடு முழுக்க ஈர வாடை. அவளுக்கு முன்பல் முளைக்கிறது. ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை, அவளுக்கும் எனக்கும்.

மத்தியானம் ஒரு மணிக்கு அடுத்த வீட்டு மார்த்தா அக்கா ஓடி வந்தாள். கையில் அரிசி களைந்த தண்ணீர் சொட்டுகிறது.

"ரூத்து, மில்லு கேட்டுல சுட்டுட்டாங்களாம்டி! செத்துட்டாங்களாம். உன் தம்பி அங்கதானே நிப்பான்?"

சாமு அங்கேதான். ஸ்டிரைக் ஆரம்பித்ததிலிருந்தே அங்கேதான். மில் ஆபீசில் குமாஸ்தா, சங்கத்தில் முக்கால்வாசி நேரம். சிவப்புக் கொடி தன் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அப்பா சொன்ன நாளிலிருந்து ஒக்கலிபுரத்தில் தனி அறை.

இன்று செய்தவை: குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு மூன்று நடை. பால் பொங்கி வழிந்தது. ஜெபம், பாதியில் நின்றது.

நாலு மணிக்கு மில் ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து சொன்னார். சாமுவுக்குத் தொடையில் குண்டு. உயிர் இருக்கிறது. பக்கத்தில் நின்ற தறிக்காரர் முருகேசன் அந்த இடத்திலேயே.

என் வீட்டுக்காரர் ஆறரைக்கு வந்தார். மாஜிஸ்ட்ரேட்டுக்கு ஸ்டெனோ, எல்லாம் முன்னமே தெரிந்திருக்கும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எடுத்தார். மறுபடி மாட்டினார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்ல. விசாரிச்சேன்."

அவ்வளவுதான். சாப்பிடவில்லை.

நவம்பர் 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி. லில்லியை மார்த்தா அக்காவிடம் விட்டேன். சாமுவின் நல்ல காலைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு. காவலுக்கு ஒரு வயதான கான்ஸ்டபிள். "ஐது நிமிஷா, அஷ்டே அம்மா", ஐந்தே நிமிஷம் என்று கன்னடத்தில் சொன்னவர் தன் ஸ்டூலை எனக்குத் தள்ளிவிட்டுத் தான் நின்றுகொண்டார்.

சாமு மேல் கேஸ் போட்டாயிற்று. கலைந்து போகச் சொல்லியும் போகவில்லை, கல் எறிந்து கலகம் செய்தார்கள் என்று.

"யாருக்கா சொன்னாங்க? கலைஞ்சு போங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. வாயில வெச்சுக் கத்தற குழல் இல்ல, விசில் இல்ல. பொம்பளைங்க சோத்துக் கூடையோட நடுவுல நின்னிருந்தாங்க."

"கல்லு?"

"ரெண்டு கல்லு வந்துச்சு, பின்னாலேருந்து. பொய் சொல்ல மாட்டேன். நாங்க திரும்பி யாருடா அதுன்னு கத்தறோம், முன்னால வெடிக்குது."

கான்ஸ்டபிள் தமிழ் புரிந்தவர். ஜன்னலைப் பார்த்தபடி, "நமக்கென்னம்மா, மேலேருந்து சொன்னா சுடணும்" என்றார்.

"மேலேருந்து யாருங்க சொன்னது?" என்றான் சாமு.

கான்ஸ்டபிள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஐந்து நிமிஷம் முடிந்தும் எழுப்பவில்லை.

நவம்பர் 10, வியாழன்

இன்று பார்த்ததை எழுதலாமா, தெரியவில்லை. எழுதுகிறேன். இந்த நோட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் போகட்டும்.

ஆபீசில் வேலை தேங்கிவிட்டதென்று அவருடைய சுருக்கெழுத்து நோட்டு வீட்டுக்கு வந்திருந்தது. மேஜையில் திறந்தபடி. அதை என்னால் படிக்க முடியும். இரண்டு பேரும் ஒரே இன்ஸ்டிடியூட்டில், ஒரே பெஞ்சில் கற்றோம். கல்யாணத்துக்கு முன் அவர் எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் சுருக்கெழுத்தில்தான், அப்பா பிரித்துப் பார்த்தாலும் புரியாதபடி.

மாஜிஸ்ட்ரேட்டின் உத்தரவு அது. திங்கட்கிழமை தேதி. பகல் 11-40க்குக் குழல் மூலம் மூன்று முறை எச்சரித்தும் கூட்டம் கலையாததால் சுட உத்தரவிடுகிறேன்.

ஓரத்தில் அவர் கையெழுத்தில்: புதன், மாலை 4-10.

டிக்டேஷன் ஆரம்பித்ததும் ஓரத்தில் கிழமையும் மணியும் போட வேண்டும் என்பது எங்கள் மாஸ்டரின் கட்டளை. போடாதவர்களுக்கு ரூல் தடியால் விரல் முட்டியில் ஒன்று. அந்தப் பழக்கத்தில் போட்டிருக்கிறார். யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற எண்ணம்கூட இருந்திருக்காது, கை தானாகப் போட்டது.

வந்ததும் கேட்டேன்.

"என்னங்க இது?"

பார்த்தார். உட்கார்ந்தார். "அவர் சொன்னாரு. நான் எழுதினேன்."

"திங்கக்கெழம நீங்க அங்க போனீங்களா?"

"ஜீப்புல போனோம். போய்ச் சேந்தப்ப மணி பன்னண்டு. பொணத்தத் தூக்கிட்டிருந்தாங்க."

"அப்ப யாரு சுடச் சொன்னது?"

"யாருமே இல்ல." மறுபடியும், "அதான் ரூத்து, யாருமே இல்ல."

பிறகு குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்தார். அந்த ஜீப்பில் போனவர் தன் மச்சான் கீழே கிடந்ததைப் பார்த்தாரா? கேட்க வாய் வரவில்லை.

நவம்பர் 13, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம்: அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்படிதல். எல்லோரும் என் முதுகையே பார்ப்பது போல. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பாடகர் குழு அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து, "தம்பிக்காக ஜெபிக்கறேம்மா. ஆனா சுடலைன்னா ஊரே பத்தி எரிஞ்சிருக்கும் இல்ல?" என்றார். தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

அப்பா வீட்டுக்குப் போனேன். ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு இன்னும் போகவில்லை. போகப் போவதும் இல்லை.

"கல்லெறிஞ்சவன் கால்ல குண்டு பட்டா நான் ஏன் பாக்கணும்?"

"அவன் எறியலப்பா."

"எறிஞ்ச கூட்டத்துல நின்னான்ல?" இடது மணிக்கட்டை நீட்டினார். எலும்பு கோணலாகச் சேர்ந்த இடம், வெள்ளைக்காரன் காலத்து லத்தி. சின்ன வயதில் நாங்கள் இருவரும் அதைத் தொட்டுப் பார்க்கச் சண்டை போடுவோம். "நாங்க உக்காந்து வாங்கினோம். ஒருத்தன் கை ஓங்கல. அது அந்நியன் லத்தி. இது நாம ஏற்படுத்தின சர்க்கார். எட்டு வருஷக் கொழந்தை. அத இவனுங்க நெரிச்சுக் கொல்லப் பாக்கறானுங்க."

"நம்ம லத்தின்னா வலிக்காதாப்பா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். லில்லி அழுததால் கிளம்பினேன்.

நோட்டைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. என் அப்பாவைப் பற்றி அது எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 17, வியாழன்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. அவரைக்காய் வந்துவிட்டது மார்க்கெட்டில்.

விசாரணை வைக்கப் போகிறார்களாம். ஒரு ஜட்ஜ் வருவார்.

இந்த வாரம் காதில் விழுந்தவை:

பால்காரர்: "சுடாம கொஞ்சுவாங்களாம்மா போலீசு?"

ரேஷன் கடை வரிசையில் ஒரு அம்மா: "என் வூட்டுக்காரரும் மில்லுதான். வேல நிறுத்தினா சோறு? சுட்டது சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா அடிக்கணும்."

அதே வரிசையில் பின்னாலிருந்து: "அடிக்கணும்னா உன் வூட்டுக்காரரையா?" எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும்.

மார்த்தா அக்கா, காலையில்: பாவம். சாயங்காலம், அவள் வீட்டுக்காரர் வந்த பிறகு: "ஆமா, காரணமில்லாமலா சுடுவாங்க?"

நான்: ஒன்றும் இல்லை. பி.ஏ. படித்து வரலாறு எல்லாம் மனப்பாடம். வரிசையில் அரிசி வாங்கிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 24, வியாழன்

முருகேசன் மனைவி கன்னியம்மா வந்தாள். சாமு அனுப்பியிருக்கிறான், "எங்கக்கா இங்கிலீஷ்ல எழுதிக் குடுக்கும்" என்று. இந்தப் பக்கத்து மனுக்கள் எல்லாம் நான்தான் எழுதுகிறேன், பென்ஷன், வீட்டு வரி, பள்ளிக்கூடம். அவளும் தறி ஓட்டுகிறவள்தான். அன்று கேட்டுக்கு முன்னால் கூடையோடு நின்றிருக்கிறாள்.

ஜட்ஜுக்கு வாக்குமூலம். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"கூடய எறக்கி வெச்சேன். மோர் கொண்டாந்தியான்னு கேட்டாரு. திரும்பினாரு. அவ்ளோதாம்மா. ஒருத்தரும் ஓடுன்னு சொல்லல. சொல்லியிருந்தா நானே அவர் கையப் புடிச்சி இழுத்துட்டு ஓடியிருப்பேன்."

சங்கத்து வக்கீல் சொன்னாராம், எச்சரிக்காமல் சுட்டார்கள் என்று தீர்ப்பு வந்தால் குடும்பத்துக்கு சர்க்கார் ஏதாவது செய்தாக வேண்டும் என்று. இரண்டு பெண் குழந்தைகள்.

அவள் சொல்வது அத்தனையும் உண்மை என்று இந்த ஊரில் நிச்சயமாகத் தெரிந்தவர் என் மேஜைக்கு எதிரே தினமும் சாப்பிடுகிறார்.

நவம்பர் 29, செவ்வாய்

அவருக்குச் சம்மன். வெள்ளிக்கிழமை சாட்சி சொல்ல வேண்டும். சங்கத்து வக்கீல்தான் கூப்பிடுகிறார். உத்தரவுத் தாளின் மூலையில் டைப் அடித்தவரின் இனிஷியல் இருக்கிறதே.

மாஜிஸ்ட்ரேட் இவரை அறைக்குள் கூப்பிட்டாராம். டீ வரவழைத்தாராம். "கேட்டா தாள்ல என்ன தேதி இருக்கோ அதைச் சொல்லுங்க, போதும்" என்றாராம். சிரித்துக்கொண்டே. சுருக்கெழுத்து நோட்டை ஆபீசில் கேட்டு வாங்கி எரித்தும் ஆயிற்று.

"சொல்லிடுங்களேன்" என்றேன். எதை என்று எனக்கே தெரியாமல்.

"பைபிள் மேல கை வெக்கச் சொல்லுவாங்க, ரூத்து."

"ஆமா."

"கை வெச்சுட்டா என்னால முடியாது. என்னைக் கூப்பிடாம இருந்தா பேசாம இருந்துருவேன். அந்தப் பாவத்தோட இருந்துருவேன், அது வேற. கூப்பிட்டு, கை வெச்சு, என்னைக்கு டைப் அடிச்சன்னு கேட்டா, புதன்கெழமன்னுதான் வாய் வரும்."

தெரியும். ஞாயிற்றுக்கிழமை சீட்டுக்கட்டைத் தொடாதவர். வேலை போகும். பொய் ஆவணம் தயாரிக்க உடந்தை என்று கேஸும் போடுவார்கள். வீட்டை விடச் சொல்வார்கள். யார் வேலை கொடுப்பார்கள்? லில்லிக்கு ஏழு மாதம்.

சொல்லாவிட்டால் சாமு ஜெயிலுக்கு. கன்னியம்மாவுக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு பக்கமும் கூட்டிப் பார்க்கிறேன், ராத்திரி முழுக்க. ஆண்டவரே, வெள்ளிக்கிழமை வராமல் இருக்கட்டும்.

நவம்பர் 30, புதன்

ஆஸ்பத்திரி. இன்று லில்லியையும் கூட்டிக்கொண்டு போனேன். மார்த்தா அக்கா வீட்டில்தான் இருந்தாள், விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

சாமு இளைத்துவிட்டான். ஆனால் கண் பளபளக்கிறது. "வெள்ளிக்கெழம பாருக்கா. அந்த ஆர்டரே பொய்யின்னு ஆயிடும். மாமா ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"சொல்லிடுவாரு சாமு. பைபிள் மேல கை வெச்சா சொல்லிடுவாரு."

"அதுக்குத்தானே கூப்பிடறோம்."

"அப்புறம் அவருக்கு என்ன ஆகும்?"

"சங்கம் பாத்துக்கும்." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டிரைக்கில் நிற்பவர்களுக்கே சங்கத்தால் கஞ்சி ஊற்ற முடியவில்லை என்று அவனுக்கும் தெரியும்.

பேச்சை மாற்ற, அவன் கட்சிக்காரர்கள் ஆட்சிக்கு வந்தால் போலீசை என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"அப்ப போலீசு நம்மளுதுக்கா. மொதலாளிய அடிக்கும்."

"அப்பாவும் இதையேதான் சொல்றாரு. நம்மளுதுன்னு."

சிரித்தான். வலித்ததால் நிறுத்தினான்.

நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்: கேட்கவில்லை. கிளம்பும்போது செருப்பு மாட்ட வேண்டியிருந்தது. குழந்தையை அவன் மார்பில் படுக்க வைத்தேன். செருப்பு மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது. லில்லி அவன் சட்டைப் பித்தானைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். அவன் அவளுடைய புதுப் பல்லை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 2, வெள்ளி

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

விசாரணை ஹால் நிரம்பி வழிந்தது. பெண்கள் பெஞ்சில் நான், மடியில் லில்லி. கீழே தரையில் மில் பெண்கள், நடுவில் கன்னியம்மா. அவர் வெளியே வராந்தாவில், கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும்.

சாமுவைக் கக்கத்துக் கட்டையோடு இரண்டு கான்ஸ்டபிள்கள் தாங்கி வந்தார்கள். அவன் பைபிளை எடுக்கவில்லை. மனசாட்சிப்படி சொல்கிறேன் என்று உறுதிமொழி மட்டும்.

சங்கத்து வக்கீல் கேட்டார். எத்தனை மணிக்குக் கூடினீர்கள், யார் யார் இருந்தார்கள். பிறகு, "சுடுவதற்கு முன் ஏதாவது எச்சரிக்கை கொடுத்தார்களா?"

"குடுத்தாங்க."

வக்கீல் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துவிட்டார். மறுபடி கேட்டார்.

"குடுத்தாங்க. குழல்ல. மூணு தடவ. நாங்கதான்..." அப்போது லில்லி வீறிட்டு அழுதாள். அவன் நிறுத்தினான். திரும்பவில்லை. அழுகை அடங்கும்வரை நின்றுவிட்டு, "நாங்கதான் கலையல" என்று முடித்தான்.

ஹாலில் ஓ என்று சத்தம். பின்னாலிருந்து யாரோ, "அவனே ஒத்துக்கிட்டான்யா!" வக்கீல் கையிலிருந்த தாள்களை மேஜையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

கன்னியம்மா எழுந்து நின்றாள். "தம்பி, எங்க காதுல விழலியே. அவரு காதுலயும் விழலியே தம்பி."

சர்க்கார் வக்கீல் ஜட்ஜைப் பார்த்துச் சொன்னார், தறிச் சத்தத்திலேயே நிற்கிறவர்களுக்குக் காது எப்படி இருக்கும் என்று இந்த ஊருக்கே தெரியும் என்று. சிரிப்பு. பெரிய சிரிப்பு. நல்ல சட்டை போட்டவர்கள் எல்லாம். ஜட்ஜ் மேஜையைத் தட்டினார்.

டைப்பிஸ்ட் சாட்சி இனித் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வராந்தாவில் அவர் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். பியூன் வந்து போகலாம் என்றான்.

"ஏன் கூப்பிடல?"

சொன்னேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார், ஏறவில்லை. ஓரிடத்தில் மட்டும், "நீ போய்க் கேட்டியா?" என்றார்.

"இல்ல."

டிசம்பர் 3, சனி

பேப்பரில் வந்துவிட்டது. காயம்பட்ட தொழிலாளியே எச்சரிக்கையை ஒப்புக்கொண்டார்.

சங்கம் சாமுவை நீக்கிவிட்டது. ஆஸ்பத்திரிச் சுவரில் யாரோ கரியால் அவன் பெயரை எழுதி, பக்கத்தில் எழுதக்கூடாத வார்த்தை. அவன் கேஸ் தனியாக நடக்கும். இனி தண்டனை நிச்சயம் என்கிறார்கள், எவ்வளவு என்பதுதான் பாக்கி.

அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். முதல் முறையாக. வெளுத்த கதர்ச் சட்டை, கையில் திராட்சை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் தலையில் கை வைத்தார். "உண்மையைச் சொன்ன பாரு. தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் சொன்ன. அதுதான்டா சத்தியம். என் பிள்ளைடா நீ."

சாமு திராட்சை ஒன்று வாயில் போட்டுக்கொண்டான். "ஆமாப்பா."

அப்பா அழுதார். கோணல் மணிக்கட்டால் கண்ணைத் துடைத்தார். நான் வெளியே போய் நின்றேன். அந்தப் பழைய கான்ஸ்டபிள் இருந்தார். என்னிடம் தாழ்ந்த குரலில், "நானும் அன்னிக்கு கேட்டுலதாம்மா இருந்தேன். எந்தக் குழலச் சொல்றாங்கம்மா?" என்றார்.

டிசம்பர் 6, செவ்வாய்

மேகம். அவர் ஆபீசுக்குப் போனார். லில்லிக்கு ஜுரம், நூறுக்கு மேல். கிரைப் வாட்டர் தீர்ந்துவிட்டது.

பத்து மணிக்குக் கன்னியம்மா. வாசலில் அவளைப் பார்த்ததும் என் கால் ஓடப் பார்த்தது. திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று கதவைத் திறந்தேன்.

மனு எழுத வந்திருக்கிறாள்.

"தம்பி மேல கோவம் இல்லம்மா. படிச்ச புள்ள, ஆபீசு உத்யோகம், அதுக்குக் காது நல்லாருக்கும். கேட்டிருக்கும். கேக்காததச் சொல்லி அது ஏன் ஜெயிலுக்குப் போவுது? நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அந்த வக்கீலு சொன்னது நெசந்தான். எங்க ரெண்டு பேருக்கும் தறிக்காது. அவருக்கு என்னவிட மோசம், இருவது வருசம். அவங்க சொல்லியிருக்காங்க. எங்களுக்குத்தான் கேக்கல."

"அப்படி இல்ல கன்னியம்மா" என்று ஆரம்பித்தேன். தொட்டிலில் லில்லி முனகினாள்.

"அப்டித்தாம்மா. அத எழுதுங்க. அவரு மொரட்டுத்தனமா நிக்கல, காது கேக்காமதான் நின்னாருன்னு. தப்பு சர்க்காருது இல்ல, மில்லு சத்தத்துதுன்னு. அப்டி எழுதினா எரக்கப்பட்டு ஏதாச்சும் செய்வாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

எழுதினேன். கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு. நல்ல இங்கிலீஷ். ஒரு அடித்தல் இல்லை.

அவள் கட்டை விரலில் மையைத் தடவிக்கொண்டு, "படிச்சுக் காட்டுங்கம்மா, தமிழ்ல" என்றாள். தாழ்ந்த குரலில் படித்தேன். புருவத்தைச் சுருக்கி முன்னால் குனிந்தாள். ஒன்றும் கேட்கவில்லை போல. நாற்காலியை இழுத்து அவள் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மூன்று முறை எச்சரித்தும்..."

"இன்னும் ஒரக்கம்மா."

"மூன்று முறை எச்சரித்தும், என் கணவருக்குக் காது கேளாத காரணத்தால்..."

"இன்னும் கொஞ்சம்."

கத்திப் படித்தேன். மார்த்தா அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கன்னியம்மா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். முடித்ததும் விரலை அழுத்தி வைத்தாள்.